214 கோடியில் நின்றுபோன காசு

கேள்வி: என் பேரன் செல்போனில் ஆடும் விளையாட்டில் காசு 214,74,83,647 வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு ஜெயித்தாலும் ஏற மாட்டேன் என்கிறது. அப்படி என்ன விசேஷம் சார் இந்த எண்ணில்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: போனில் கோளாறு இல்லை அம்மா. காசுக் கணக்கை எழுத அந்த விளையாட்டில் ஒதுக்கியிருக்கும் இடம் 32 பிட். 32 ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிளஸ்ஸா மைனஸா என்று காட்டுவதற்கு. மீதி 31-க்கும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் மதிப்பு. எல்லாவற்றையும் போட்டால் கூட்டுத்தொகை சரியாக இந்த எண். இரண்டின் 31-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. சில நிரல்களில் இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் கணக்கு தடாலென்று மைனஸ் 214 கோடிக்குப் போய்விடும். பேரனுக்கு நின்றதோடு போயிற்று!

ஆனால் எனக்கு இந்த எண் பிடித்ததற்குக் காரணம் வேறு. இது பகா எண், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. கணினிக்காரர்கள் அதற்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை, தானாக அமைந்தது. 16 பிட்டின் எல்லையான 32,767-ஐ 7 வகுத்துவிடும். 64 பிட்டின் எல்லையையும் அதே 7 வகுத்துவிடும். நடுவில் இது மட்டும் அசையாது.

அதை 1772-இல் நிறுவியவர் கணித மேதை ஆய்லர், கண்பார்வை அநேகமாகப் போய்விட்ட வயதில். வகுக்கும் எண் இருக்கிறதா என்று தேட, இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை உள்ள எண்களைப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. அதிலும் 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வரும் எண்களைத் தவிர வேறெதுவும் இதை வகுக்க முடியாது என்று காட்டினார். ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய வகுத்தல் 373-க்குள் அடங்கிவிட்டது. அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு, தெரிந்த பகா எண்களில் இதுதான் பெரியது.

நான் வாத்தியாராக இருந்தபோது, மழையால் விளையாட்டு பீரியட் கெட்ட ஒரு நாள், அந்த 373-ஐயும் வகுப்பில் இருந்த 42 பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்பது. 3-லும் 5-லும் வகுபடுவதை உடனே அடித்துவிடலாம் என்று பையன்களே கண்டுபிடித்தார்கள். அரை மணி நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், மீதி பூஜ்யம்!" என்று கத்தினான். ஒரு கணம் எனக்கே வயிற்றைக் கலக்கியது. நோட்டை வாங்கிப் பார்த்தால், கடன் வாங்கிக் கழித்த இடத்தில் வாங்கியதை மறந்திருக்கிறான்.

அவனுக்கு வந்த எண் 311. லீவு நாளில் பேரனிடம் அதையே கொடுத்துப் பாருங்கள், போனைத் தொடாமல். மீதி 35 வர வேண்டும்.