டிரெட்மில் இருக்கும்போது வெளியே எதற்கு நடக்க வேண்டும்?

கேள்வி: வயது 52. மயிலாப்பூரில் குடியிருக்கிறேன். வங்கி வேலை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். தினமும் இரவு ஒன்பது மணிக்கு வீட்டு டிரெட்மில்லில் அரை மணி நேரம் வேகமாக நடக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் தூக்கம் சரியில்லை, மனசும் பாரமாகவே இருக்கிறது. மகள், “வெளியே போய் நடம்மா” என்கிறாள். வெயில், தெருநாய் எல்லாம் தாண்டிப் போவதில் அப்படி என்ன லாபம்?

பதில்: காலுக்கும் இதயத்துக்கும் என்றால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் மெஷினும் மெரினாவும் ஒன்றுதான். நீங்கள் 210 நிமிடம் நடக்கிறீர்கள், சபாஷ்! ஆனால் தூக்கத்துக்கும் மனசுக்கும் வெளியே போகத்தான் வேண்டும்.

நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம், காலையில் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ஹாலில் எல்லா விளக்கையும் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் தேறும். மேகமூட்டமான காலையில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். காலையில் அது கிடைத்தால், இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் நேரத்தோடு சுரக்கும். சென்னையில் மே மாதம் ஐந்தே முக்காலுக்கும் ஜனவரியில் ஆறரைக்கும் விடிகிறது. விடிந்த பிறகு கிளம்புங்கள். ஐந்து மணி இருட்டிலேயே நடந்து முடித்துவிட்டு, வாக்கிங் போயும் தூக்கம் வரவில்லை என்பவர்கள் நிறையப் பேர். (இளவெயிலில் வைட்டமின் டி கொட்டுகிறது என்பதை நம்பாதீர்கள். அதற்கான புற ஊதாக் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு.)

மனசு விஷயத்தில் எங்கே நடக்கிறோம் என்பது முக்கியம். 2015இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், மரம், புல்வெளி சூழ்ந்த இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு, நினைத்ததையே நினைத்து மறுகுவது குறைந்தது. வாகன நெரிசலுள்ள சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. அதனால் மெயின் ரோடு வேண்டாம், லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குப் போங்கள். நாய்த் தொல்லையும் உள்ளே குறைவு. போன் பையிலேயே இருக்கட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அவ்வளவு போதும். பாரம் இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்தால், நடையை மட்டும் நம்பாமல் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

டிரெட்மில்லை விற்றுவிடாதீர்கள். மழை நாளுக்கு ஆகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகப் பத்து நிமிடம் நடந்தால் சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை குறையும். படுக்கப் போகும் நேரத்தில் வேகநடை மட்டும் வேண்டாம்.

அப்புறம், உங்கள் மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடியது. முதல் சில நாள் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தாழ்சர்க்கரைக்கு வியர்வை ஓர் அறிகுறிதான், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் எல்லோருக்குமே வியர்க்கும். கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உட்கார்ந்து, கையோடு வைத்திருக்கும் குளுக்கோஸைச் சாப்பிடுங்கள். நடக்கும் நேரத்தை உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சில பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை இருக்கும். வெறுங்காலில் நடந்தால் நல்லது என்று யாராவது கூப்பிடுவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது. ஷூ, பருத்தி சாக்ஸ் போட்டே நடங்கள். வீட்டுக்கு வந்து கழற்றியதும் விரல் இடுக்குகளையும், சாக்ஸ் தையல் அழுத்திய இடத்தையும் ஒரு தடவை பாருங்கள். சிவப்பாகவோ கொப்புளமாகவோ இருந்தால், அது ஆறும்வரை நடைக்கு லீவு.