மலை ஓடை அரிப்பை அளப்பது எப்படி? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஓர் ஓடை வருடா வருடம் ஆழமாகிக்கொண்டே போகிறது. சென்னையிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவைதான் போக முடியும். எத்தனை டன் மண் போகிறது என்று கணக்கிட முடியுமா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

முடியும். ஜனவரியில் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை போங்கள். சேர்வராயன் மலையில் இரண்டு பருவமழையும் பெய்யும். எந்த மழை அதிகம் அறுக்கிறது என்பதும் இந்த இரு அளவுகளில் தெரிந்துவிடும்.

ஓடையின் நீளத்தில் 10 மீட்டருக்கு ஒரு வெட்டுமுகம், அதாவது கரைக்குக் கரை குறுக்காக அளக்கும் கோடு, குறியுங்கள். ஓடை வளையும் இடத்தில் கூடுதலாக ஒன்று. இரு கரையிலும் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி 60 செ.மீ. முறுக்குக் கம்பி அடித்து, சுற்றிக் கான்கிரீட் போடுங்கள். விளிம்பிலேயே அடித்தால் கரை சரியும்போது கம்பியும் போய்விடும், ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வைத்து இரு கம்பியிலும் ஒரே மட்டத்தைக் குறித்து, நைலான் நூலை விறைப்பாகக் கட்டி, 20 செ.மீ.க்கு ஒரு தடவை நூலிலிருந்து தரைவரை அளங்கள். நூல் தொய்ந்தால் ஆழம் குறைவாகக் காட்டும். ஒவ்வோர் ஆழத்தையும் 0.2 மீட்டரால் பெருக்கிக் கூட்டினால் வெட்டுமுகத்தின் பரப்பு.

உதாரணமாக, செப்டம்பரில் அடுத்தடுத்த இரு வெட்டுமுகங்களின் பரப்பு 2.7, 3.3 சதுர மீட்டர் என்றால் சராசரி 3. இடையே 10 மீட்டர், ஆக 30 கன மீட்டர். ஜனவரியில் 2.9, 3.7 என்று வந்தால் 33 கன மீட்டர். அந்தப் பருவத்தின் இழப்பு 3 கன மீட்டர்தான். பள்ளத்தின் மொத்தக் கொள்ளளவையும் ஒரே வருட இழப்பாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

டன்னாக்க மண்ணின் பரும அடர்த்தி, அதாவது ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, வேண்டும். 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரமுள்ள எஃகு வளையம் 98 கன செ.மீ. மண் பிடிக்கும். அந்த மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். 128 கிராம் வந்தால் அடர்த்தி 1.3, இழப்பு 3.9 டன். ஈரத்தோடு எடை போட்டால் தண்ணீரையும் மண்ணாகக் கணக்கெழுதிவிடுவீர்கள். கல் நிறைந்த மண்ணில் வளையம் இறங்காது. சிறு குழி தோண்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, நிரம்ப எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று பார்த்துக் குழியின் கன அளவை எடுங்கள். தோண்டிய மண் முழுவதையும் உலர்த்தி எடை போட வேண்டும்.

ஓடைத்தலையை, அதாவது மேட்டை நோக்கி அரித்துக்கொண்டே போகும் செங்குத்து விளிம்பைத் தனியாக அளங்கள். பல ஓடைகளில் மண் கொத்துக்கொத்தாக விழுவது அங்கேதான். விளிம்புக்கு மேலே 5 மீட்டர் தள்ளி விசிறிபோல் மூன்று கம்பிகள் அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் விளிம்புவரை தூரம் எடுங்கள். தரையில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்தக் கரைமேல் நிற்காதீர்கள்.

சரிவில் அடித்த அரிப்பு முளைகளில் (மண் மட்டம் ஏறி இறங்குவதை அளக்கும் கம்பிகள்) சிலவற்றில் மண் ஏறியிருக்கிறது. அந்த அளவுகளை நீக்கிவிடலாமா?
– ஆய்வு மாணவி, திருவான்மியூர்

நீக்கவே கூடாது. ஏறியதும் இறங்கியதும் சேர்ந்த நிகர சராசரிதான் உங்கள் விடை. ஏறியதை எடுத்துவிட்டால் இழப்பு பொய்யாகப் பெருகும்.

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் என்பது 10 கன மீட்டர், அதாவது சுமார் 13 டன். மண் தாங்கும் வருடாந்தர இழப்பின் மேல்வரம்பாகப் பரவலாகச் சொல்லப்படும் 11.2 டன்னைவிட இது அதிகம். ஸ்கேலை 1 மி.மீ. தவறாகப் படித்தாலே முடிவு தலைகீழாகிவிடும். ஆகவே நிறைய முளைகள் வேண்டும், ஒரே ஆள் படிக்க வேண்டும், முளையின் ஒரே பக்கத்தில் படிக்க வேண்டும். பருமனான கம்பி வேண்டாம், அதைச் சுற்றித் தண்ணீர் குடையும்.

ட்ரோன் படம் போதாதா?
– வேளச்சேரி

பெரிய ஓடைக்கு நல்லது. இரு பறப்புகளிலும் உயரப் பிழை 5 செ.மீ. என்றால் கூட்டுப்பிழை 7 செ.மீ. 95 சதவீத நம்பிக்கைக்கு ஏறத்தாழ 14 செ.மீ. மாற்றமாவது தெரிய வேண்டும், அதற்குக் குறைந்ததை அரிப்பு என்று சொல்ல முடியாது. புல்லும் உண்ணிச்செடியும் தரைபோலத் தெரியும். குடைந்த கரையின் அடி மேலிருந்து தெரியவே தெரியாது. நிலத்தில் அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடமும் உயரமும் துல்லியமாகத் தெரிந்த அடையாளங்கள்) இல்லாமல் பறக்கவிடுவது பண விரயம்.

ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருளில் யு.எஸ்.எல்.இ. (மண் இழப்பை மதிப்பிடும் பொதுச் சமன்பாடு) போட்டேன். ஓடை அரிப்பும் அதில் அடக்கமா?
– பொறியியல் மாணவர், கிண்டி

இல்லை. அது மேல்மண் மெல்லிய படலமாகப் போகும் படல அரிப்பையும், சிறு கீறல் அரிப்பையும் மட்டுமே சொல்லும். ஓடையின் டன்னைத் தனியாக அளந்து கூட்டுங்கள். அதன் சரிவுக் காரணி பெரும்பாலும் 3 முதல் 18 சதவீதச் சரிவுத் தரவிலிருந்து பிறந்தது. மலையின் 40 சதவீதச் சரிவில் வரும் எண்ணை இடங்களை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூண்டி ஏரியின் வண்டலை அளந்தால் மேலே போன மண் தெரியுமா?
– திருவள்ளூர்

முழுதாகத் தெரியாது. அரித்த மண்ணில் பெரும்பகுதி சரிவின் அடியிலும் வயல் வரப்பிலும் வழியிலேயே தங்கிவிடும். இந்தியா முழுவதற்குமான 1983 மதிப்பீட்டின்படி, வருடம் 533.4 கோடி டன் மண் பெயர்கிறது, அதில் சுமார் 10 சதவீதம்தான் நீர்த்தேக்கங்களில் படிகிறது. பூண்டிக்குக் கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியே வருவதால், வண்டல் முழுவதையும் கொசஸ்தலையாற்றின் கணக்கில் எழுத முடியாது. வரத்து வாய்க்கால்களில் வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும் மாதிரி எடுத்துத் தனித்தனியாக வடிகட்டிப் பாருங்கள். ஒரே நீரோட்ட அளவில்கூட ஏறுமுகத்தில் கலங்கல் பல மடங்கு இருக்கலாம்.