குழந்தை உளசிகிச்சை எழுத்தில் குழப்பும் ஆங்கிலம்: கேள்வி பதில்

குழந்தை உளசிகிச்சை அறிக்கைகளையும் கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் படிக்கும்போது சிக்கிய வரிகளைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள். அகராதியைப் பார்த்தும் தெளியாத வரிகள்தான் பெரும்பாலும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி (ஒரு தாய்): மகனைப் பற்றிய அறிக்கையில் "மதர் டினைஸ் வயலென்ஸ் அட் ஹோம்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் பொய் சொல்கிறேன் என்கிறார்களா?

பதில்: இல்லைங்க. "டினைஸ்" என்றால் மறுக்கிறார் என்று பொருள்; மருத்துவக் குறிப்புகளில் வரும் பழைய வழக்கம் அது. "வீட்டில் அடிதடி உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார்" என்பது மட்டுமே பொருள். உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று அந்தச் சொல்லை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் பெற்றோர் கைக்குப் போகும் அறிக்கையில் இந்தச் சொல் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றி எழுதித் தரும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

அதே அறிக்கையில் "டெவலப்மென்டல் ஹிஸ்டரி அன்ரிமார்க்கபிள்" என்று இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. நடை, பேச்சு எல்லாம் உரிய காலத்தில் வந்திருக்கிறது, குறிப்பிடும்படி சிக்கல் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

கேள்வி (உளவியல் மாணவி): வினிகாட் சொல்லும் "குட் இனஃப் மதர்" என்பவர் ஏதோ ஒப்பேற்றுகிற, சுமாரான அம்மாவா?

பதில்: அப்படித்தான் பலரும் படிக்கிறார்கள். அம்மாக்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக இதைத் தேர்ச்சி மதிப்பெண் மாதிரி ஆக்கிவிட்டோம். டொனால்ட் வினிகாட் பல்லாண்டுகள் லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் (சைக்கோஅனலிஸ்ட்) இருந்தவர். அவர் விவரிக்கும் அம்மா, தொடக்கத்தில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கிறார். அப்புறம் குழந்தையின் தாங்கும் சக்தி வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குறைத்துக்கொள்கிறார். பால் வரச் சற்றுத் தாமதமாகிறது, குழந்தை காத்திருக்கப் பழகுகிறது, தனக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதை உணர்கிறது. எப்போதும் குறையே வைக்காத அம்மாவிடம் இந்த வளர்ச்சி தடைபடும். ஆகவே "இனஃப்" என்ற சொல்லை, குழந்தையின் வளர்ச்சிக்குப் போதுமான என்று படியுங்கள். வினிகாட் எழுத்தில் "ஃபெய்லியர்" (தவறுதல்) என்று வரும் எல்லா இடத்திலும் அம்மாவைக் குற்றம் சாட்டுகிறார் என்று எண்ணவேண்டாம். தாங்கக்கூடிய அளவு குறைவதையும் அவர் அப்படித்தான் சொல்கிறார், தாங்க முடியாத அளவு கைவிடப்படுவதையும் அப்படித்தான் சொல்கிறார். எது என்பதை முன்பின் வரிகள்தான் காட்டும்.

குழந்தை என்று ஒன்று இல்லவே இல்லை என்று அவர் சொன்னதையும் கேட்டிருந்தீர்கள். பராமரிக்கும் ஓர் ஆளோடு சேர்த்துத்தான் கைக்குழந்தையைப் பார்க்க முடியும், தனித்துப் பார்க்க முடியாது என்பதே அவர் சொல்லவந்தது.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): "ஆப்ஜெக்ட்" என்பதைப் பொருள் என்று போட்டால் வாக்கியமே உளறலாகிறது. "பேன்டசி" (கற்பனை) என்ற சொல்லும் இருவித எழுத்துக்கூட்டலில் வருகிறது. அச்சுப் பிழையா?

பதில்: "ஆப்ஜெக்ட்" பெரும்பாலும் ஓர் ஆள்தான். அன்போ கோபமோ ஏக்கமோ யாரை நோக்கிப் போகிறதோ அவர். சில இடங்களில் மார்பு போல அவருடைய உடலின் ஒரு பகுதி, சில இடங்களில் மனத்துக்குள் இருக்கும் அவருடைய உருவம். ஒரே தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு புத்தகம் முழுக்க ஓட்டாதீர்கள். வினிகாட்டின் "டிரான்சிஷனல் ஆப்ஜெக்ட்" மட்டும் விதிவிலக்கு. அங்கே, அம்மா அருகில் இல்லாதபோது குழந்தை பற்றிக்கொள்ளும், நிஜமாகவே கந்தலான போர்வைத் துண்டோ பொம்மையோதான் பேச்சு.

எழுத்துக்கூட்டல் பிழையல்ல. நனவிலி மனத்தில், அதாவது நாம் அறியாமலே மனத்துக்குள், ஓடுவதைப் "பிஎச்" போட்டும், நாம் அறிந்தே காணும் பகற்கனவை "எஃப்" போட்டும் எழுதும்படி உளப்பகுப்பாய்வாளர் சூசன் ஐசக்ஸ் 1948-இல் வெளியான கட்டுரையில் வகுத்தார். குழந்தைகளை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைனின் வழியினர் அதைப் பின்பற்றுகிறார்கள். அமெரிக்க எழுத்தில் இந்தப் பிரிவினையை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ஒரு சிறுமி "டிப்ரெசிவ் பொசிஷனை" அடைந்தாள் என்று சிகிச்சையாளர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். மனச்சோர்வு வந்ததில் என்ன மகிழ்ச்சி?

பதில்: அது நோயின் பெயர் இல்லை. மெலனி க்ளைன் 1935-இல் முன்வைத்த கருத்து. தான் வெறுக்கும் அம்மாவும் நேசிக்கும் அம்மாவும் ஒரே ஆள்தான் என்று குழந்தை உணர்கிறது. அவரைக் காயப்படுத்திவிட்டோமோ என்ற வருத்தம் வருகிறது, சரிசெய்யும் ஆசையும் கூடவே வருகிறது. மகிழ்ச்சிக்குக் காரணம் இதுதான். "பொசிஷன்" (நிலை) என்பதால் வாழ்நாள் முழுக்க முன்னும் பின்னும் போய்வரலாம், ஒருமுறை கடந்தால் முடிந்துவிடும் கட்டமல்ல.

கேள்வி (பள்ளி ஆலோசகர்): "ஆக்டிங் அவுட்" என்றால் சேட்டைதானே?

பதில்: பள்ளி அறிக்கையில் பெரும்பாலும் ஆம். உளப்பகுப்பாய்வுக் கட்டுரையில் அப்படிப் படித்தால் குழந்தைக்கு அநியாயம் செய்கிறோம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1914-இல் விளக்கியது வேறு: நினைவுக்குக் கொண்டுவர முடியாததை ஆள் செயலாகச் செய்துகாட்டுகிறார். சிகிச்சையாளர் விடுப்பில் போவதற்கு முந்தைய வாரம் ஒரு பையன் பொம்மை வீட்டை உடைக்கிறான் என்றால், முன்பு யாரோ விட்டுப்போனது அங்கே பேசுகிறது.

கேள்வி (ஒரு தந்தை): என் மகளுக்கு "ஹோல்டிங்" தேவை என்கிறார்கள். இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். வினிகாட்டின் "ஹோல்டிங்" கைக்குழந்தையைத் தூக்கி ஏந்துவதில் தொடங்கி, குழந்தை நம்பியிருக்கும் மொத்தப் பராமரிப்பையும் குறிக்கும். சிகிச்சையில் அது அதே அறை, அதே நேரம், குழந்தை கத்தினாலும் நிலைகுலையாத ஓர் ஆள். பக்கத்திலேயே வரும் "கன்டெய்ன்" என்ற சொல்லையும் அடக்குதல் என்று எடுக்காதீர்கள். உளப்பகுப்பாய்வாளர் வில்ஃப்ரெட் பியோன் சொன்னது, குழந்தையால் தாங்க முடியாத பயத்தைப் பெரியவர் தன் மனத்தில் வாங்கி, யோசித்து, தாங்கக்கூடியதாக்கித் திருப்பித் தருவதை.

ஆனால் "ஹோல்டிங் தெரபி" என்று சேர்த்து எழுதியிருந்தால் உடனே விசாரியுங்கள். குழந்தையைப் பலவந்தமாகப் பிடித்துவைக்கும் முறைகளுக்கு அந்தப் பெயர் உண்டு. 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில், "மறுபிறப்பு" என்ற பெயரில் துணியில் சுற்றி அழுத்தப்பட்ட 10 வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். மறு ஆண்டே அந்த மாநிலம் அம்முறையைத் தடைசெய்தது. அறையில் என்ன செய்வார்கள், மகள் விலக நினைத்தால் விலக விடுவார்களா என்று இரண்டையும் நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள்.

கேள்வி: "லேட்டன்சி சைல்ட்" என்பது ஏதாவது குறைபாடா?

பதில்: வயதைத்தான் சொல்கிறார்கள். ஏறக்குறைய 6 வயது முதல் பருவமடைவதற்கு முன்பு வரை.