மலையை விற்றது யார்?

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஹார்லன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நடக்கும் 'ஜஸ்டிஃபைடு' டிவி தொடரின் இரண்டாவது சீசனைப் பார்த்தேன். எட்டாவது எபிசோடில், மலையைத் தகர்க்க வரும் நிலக்கரிக் கம்பெனிக்கு எதிராக மேக்ஸ் பென்னட் ஊர்க்கூட்டத்தில் பேசும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. பார்த்தால், அடுத்த எபிசோடிலேயே அதே கம்பெனியோடு பேரத்தை முடித்துவிடுகிறாள். கஞ்சா விற்கிற கொலைகாரி வேறென்ன செய்வாள்? அந்த மலைக்காரர்களே இப்படித்தான் போலிருக்கிறது, காசைக் காட்டினால் மலையையும் விற்றுவிடுவார்கள். இவர்களுக்காகவா பரிதாபப்படச் சொல்கிறீர்கள்? மீதி சீசன்களைப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: மேக்ஸ் பென்னட்டை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் கதையில் வரும் ஒருத்தியின் துரோகத்தைத் தூக்கி ஒரு மலைநாட்டின் தலையில் கட்டினீர்களே, அதை விட முடியாது. நீங்கள் பார்த்த எபிசோடிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. மேக்ஸ் அந்த ஊரை ஏமாற்றினாள். ஏமாந்தவர்களையும் சேர்த்துக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்?

அந்த சீசனின் முதல் எபிசோடில் அவள் செய்யும் கொலையை நினைத்துப் பாருங்கள். லொரெட்டா என்ற சிறுமியின் அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார். தான் காய்ச்சிய ஆப்பிள் சாராயத்தை ஒரே ஜாடியிலிருந்து இருவருக்கும் ஊற்றுகிறாள் மேக்ஸ். தானும் குடிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதருக்கு மூச்சு முட்டுகிறது. விஷம் ஜாடியில் இல்லை, ஊற்றுவதற்கு முன்பே அவருடைய கிளாஸில் தடவப்பட்டிருந்தது. சாகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறுதலும் சொல்கிறாள். அந்த ஆறுதலில் பொய் இல்லை, லொரெட்டாவை அவள் மனதாரத்தான் வளர்க்கிறாள். மார்கோ மார்டின்டேல் இந்த வேடத்துக்காக 2011-ல் எம்மி விருது வாங்கினார். கொடுமையையும் பிரியத்தையும் ஒரே முகத்தில் வைத்து நடித்ததற்கு அந்த விருது தகும்.

ஊர்க்கூட்டத்திலும் அவள் ஊற்றுவது அதே ஜாடியிலிருந்துதான். அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எங்களுக்கென்று சாப்பாடு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, சாராயம் இருக்கிறது, வாழவும் சாகவும் எங்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது என்கிற மாதிரி பேசுகிறாள். மலை போய்விட்டால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் எல்லாம் போகும் என்பதுதான் அதன் உட்பொருள். அதனால்தான் ஊர் நம்புகிறது, நீங்களும் நம்பினீர்கள். எல்லோரும் வாருங்கள் என்று விருந்துக்கும் அழைக்கிறாள். வெளியே பாட்டும் கூத்துமாக ஊர் கூடியிருக்க, உள்ளே நிலக்கரிக் கம்பெனி சார்பில் வந்த பெண்மணியோடு பேரம் நடக்கிறது. கம்பெனியின் வழிப்பாதைக்குத் தேவையான நிலங்களை அவள் குடும்பம் ஏற்கெனவே சத்தமில்லாமல் வளைத்துப் போட்டாயிற்று. ஊரார் விற்காமல் இருந்தால்தான் அவள் நிலத்துக்கு விலை ஏறும். பேச்சு அதற்காகத்தான்.

மேக்ஸ் பயமுறுத்திய விஷயம் எழுத்தாளர்களின் கற்பனை இல்லை. அந்தப் பகுதியில் கரி எடுக்க, முதலில் உச்சியிலுள்ள காட்டை வெட்டுவார்கள். பிறகு வெடி வைத்து மலையின் தலையையே பெயர்ப்பார்கள். கரியை அள்ளிக்கொண்டு, மிச்சப் பாறையையும் மண்ணையும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டுவார்கள். அங்கே ஓடும் ஓடை அதோடு புதைந்துபோகும். கரியைக் கழுவிய கறுப்புச் சேற்றை மேட்டிலேயே அணை கட்டித் தேக்குவார்கள். 1972 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் அப்படிப்பட்ட அணை ஒன்று உடைந்து 125 பேர் செத்தார்கள். அது கடவுளின் செயல் என்று சொன்னது கம்பெனி. 2000 அக்டோபரில் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் இன்னொரு குளம், அடியிலிருந்த பழைய சுரங்கத்துக்குள் இடிந்து இறங்கியது. சுமார் 30 கோடி காலன் சேறு ஓடைகளில் பாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது அதிர்ஷ்டம், மீன்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சரி, உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மலையை அவர்கள் காசுக்கு விற்றார்கள் என்கிறீர்கள். அங்கே நடந்த விற்பனையைக் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நில ஏஜென்டுகள் அந்தப் பள்ளத்தாக்குகளில் வீடு வீடாகப் போனார்கள். நிலம் உங்களுடையதுதான், அடியில் கிடக்கிற கரிக்கு மட்டும் உரிமை கொடுங்கள் என்று, ஏக்கருக்குச் சொற்பக் காசு கொடுத்துப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பலர் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். அப்போது கரி எடுப்பதென்றால் மண்வெட்டியும் கோவேறு கழுதையும்தான். அரை நூற்றாண்டு கழித்து புல்டோசர் வந்தது. அந்தப் பழைய பத்திரத்தைக் காட்டி, வீட்டுக்காரரைக் கேட்காமலேயே மேலே இருக்கிற காட்டையும் வயலையும் புரட்டிப் போடலாம் என்று கென்டக்கி நீதிமன்றங்களும் தீர்ப்புச் சொன்னன. தாத்தா போட்ட ஒரு பெருக்கல் குறிக்காகப் பேரன் வீட்டுக் கொல்லை பறிபோனது. இதற்கு விற்பனை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் சும்மா இருந்தார்களா? 1965 நவம்பரில் நாட் கவுண்டியில் ஆலி கோம்ப்ஸ் என்ற 61 வயது விதவை, தன் வீட்டுக்கு மேலிருந்த சரிவில் புல்டோசருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். போலீஸ்காரர்கள் காலையும் கையையும் பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். நன்றி தெரிவிக்கும் பண்டிகையன்று அந்த அம்மாள் ஜெயிலில் உட்கார்ந்து சாப்பிடும் படம் வெளியே வந்தது. கென்டக்கி வெட்கப்பட்டது. மறு வருடமே திறந்தவெளிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பத்திர விவகாரம் மட்டும் தீரவில்லை. அதற்கு ஒரு சட்டம் இயற்றினார்கள், நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கடைசியில் 1988-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி, மாநிலத்தின் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் நிலத்துக்காரர் பக்கம் வாக்களித்தார்கள்.

தொடர் நடக்கும் ஹார்லன் கவுண்டியிலேயே 1973-ல் புரூக்சைடு சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மறியலில் இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று நீதிமன்றம் ஆண்களைக் கட்டிப்போட்டபோது, அவர்களுடைய மனைவிகளும் அம்மாக்களும் சாலைக்கு வந்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் நடந்த அந்தப் போராட்டத்தில் 1974 ஆகஸ்டில் ஓர் இளம் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இது ரொம்பப் பழைய கதை என்று நினைத்தால், 2019 ஜூலைக்கு வாருங்கள். பிளாக்ஜுவல் என்ற கம்பெனி திவாலாகி, தொழிலாளர்களுக்குக் கொடுத்த சம்பளக் காசோலைகள் திரும்பி வந்தன. ஹார்லன் கவுண்டியின் கம்பர்லண்ட் ஊரில் அந்தத் தொழிலாளர்கள் தண்டவாளத்தின் மேல் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் வெட்டிய கரி, எங்கள் கூலி வராமல் இந்த ஊரைத் தாண்டாது என்றார்கள். குழந்தை குட்டிகளோடு கூடாரம் போட்டுக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் ரயிலை மறித்தார்கள். அப்புறம் கூலி வந்தது.

தொடரின் மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இதுதான். அந்த மலையைப் பற்றிய உண்மையை முழுசாகப் பேச எழுத்தாளர்கள் ஒரே ஒரு வாயைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அதுவும் ஒரு கொலைகாரியின் வாய். கதைக்கு அது பிரமாதமான திருப்பம். ஆனால் அவள் விலை போன மறு நிமிடம், அவள் சொன்ன உண்மையும் விலை போனதாகப் பார்க்கிறவர் மனதில் பதிந்துவிடுகிறது. உங்கள் கேள்வியே அதற்குச் சாட்சி. அந்தக் கூட்டத்தில் ஆலி கோம்ப்ஸ் மாதிரி ஒரு கிழவி எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால், மேக்ஸின் துரோகம் இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை எழுத்தாளர்கள் கொடுத்திருக்க வேண்டும். படப்பிடிப்பு பெரும்பாலும் நடந்தது கலிபோர்னியாவில். கென்டக்கியின் பச்சை வராததைக்கூட மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க மனமில்லை.

கம்பெனிப் பெண்மணி வேலையும் பணமும் தருவதாகப் பேசும்போது சிலர் தலையாட்டுகிறார்களே என்றும் கேட்பீர்கள். ஆட்டத்தான் செய்வார்கள். கரியை விட்டால் வேறு பிழைப்பில்லாமல் மூன்று தலைமுறை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. உச்சியை வெடித்து எடுக்கும் முறைக்கு ஆட்கள் குறைவாகவே போதும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அண்ணன் கம்பெனியில் இருப்பான், தம்பி கம்பெனியை எதிர்ப்பான், ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே சர்ச்சில் உட்காருவார்கள். அந்தச் சங்கடத்தைப் பேராசை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கஞ்சா விற்கிறவள் என்றும் சொன்னீர்கள். இதே சீசனில் புளோரிடாவிலிருந்து ஆக்சி என்கிற போதையூட்டும் வலி மாத்திரை ஏற்றி வரும் பஸ் ஒன்று வருகிறதே, அந்த மாத்திரையைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் அடிமையாக்கும் ஆபத்தை மறைத்து விற்றதாக 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல். வழக்கு நடந்த அபிங்டன், அதே அப்பலாச்சிய மலைத்தொடரில் வர்ஜீனியா பக்கம் உள்ள சிற்றூர். சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவர்களின் வலிதான் அந்த நிறுவனத்துக்குச் சந்தையாக இருந்தது.

பரிதாபப்படச் சொல்லி நான் எழுதவில்லை, இப்போதும் சொல்லவில்லை. நூறு வருடமாகத் திருப்பி அடித்துக்கொண்டிருக்கும் மக்கள் அவர்கள், அந்த மரியாதையைக் கொடுங்கள் என்கிறேன்.

மீதி சீசன்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். மூன்றாவது பரவாயில்லை, நான்காவது நன்றாக இருக்கும், ஐந்தாவதை அவசரமாகத் தாண்டிவிடலாம். 2015-ல் வந்த ஆறாவது சீசனை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பாவைப் பறிகொடுத்த லொரெட்டா அதில் வளர்ந்து வருகிறாள். அவளும் கஞ்சா பயிரிடுகிறவள்தான், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹார்லன் நிலத்தை வாங்கிக் குவிக்க ஒரு பணக்காரன் வந்து இறங்கும்போது, தனக்கென்று நிலம் வாங்கிக்கொண்டு அவனை எதிர்த்து நிற்கிறாள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.