கையெழுத்துப் போட்டாயிற்று, வேலை மாறலாமா?

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நான்கு வருடமாக டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். இதே துறையில் வேறொரு நிறுவனம் வேலை தருகிறது. ராஜினாமா கடிதம் கொடுத்ததும், "விலகி ஓராண்டு வரை போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மீறினால் ஐந்து லட்சம் கட்டவேண்டும்" என்கிறார் எச்.ஆர். அதிகாரி. சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேருங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவு: ஒருவரைச் சட்டத்துக்கு உட்பட்ட தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது. நீங்களே விரும்பிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. அந்தத் தடையோடு ஒட்டிவைத்த ஐந்து லட்சமும் அதோடு போயிற்று. (கணினி நிறுவனங்கள் குவிந்திருக்கும் கலிபோர்னியாவும் அதே 1872-இல்தான் இப்படியொரு விதியை எழுதிக்கொண்டது.)

கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைப் பிடித்து வைக்கப் பார்த்தது அவருடைய விளம்பர வாய்ப்புகளைக் கவனித்துவந்த நிறுவனம். காலம் முடிந்த பின் தொடரும் தடை செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் வேலையில் இருக்கும்வரை கதை வேறு. நோட்டீஸ் காலம் முடியுமுன் அங்கேயும் ஒரு கால் வைக்காதீர்கள்; பணியில் இருக்கும்போது விதிக்கும் தடையை 1967-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஓர் இளைஞர் வந்தார். உங்களுக்கு வந்த அதே மிரட்டல்தான். "இது நிற்காது, போங்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார்: கடைசி நாள் இரவு, தான் எழுதிய டெஸ்ட் ஸ்கிரிப்டுகளை (மென்பொருளைச் சோதிக்கும் நிரல்களை) எல்லாம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டாராம். "நான் எழுதியதுதானே சார்?" சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியது, தம்பி! அன்றோடு அது வேலை மாறும் உரிமை பற்றிய வழக்காக இல்லாமல் போய்விட்டது. ரகசியக் காப்பு நிபந்தனை நீங்கள் விலகிய பின்னும் உயிரோடு இருக்கும். தலைக்குள் இருக்கும் அனுபவம் உங்களுடையது. லேப்டாப்பில் இருக்கும் ஒரு கோப்பும் உங்களுடையதல்ல.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் 'பாண்ட்', அதாவது இத்தனை வருடம் வேலை பார்ப்பேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்ற நிபந்தனை, இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அப்படி ஏதாவது இருந்தால், எத்தனை வருடத்துக்கு என்று பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.