வாய் திறக்கப் பயப்படும் பெண்ணை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து டொங்காட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகள் பதினோராம் வகுப்பு. வீட்டில் ஓயாமல் பேசுகிறாள், வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டிய ஓரல் தேர்வு என்றால் மட்டும் அன்று காலையில் வயிற்றுவலி வந்துவிடுகிறது. சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், உங்கள் தம்பியோ ‘இவளுக்கு அது ஒத்துவராது, பேசாமல் அக்கவுண்டிங்கில் சேர்த்துவிடு’ என்கிறார். முதலில் தம்பிக்கே பதில் சொல்லிவிடுகிறேன். எல்எல்பி நான்கு வருடப் படிப்பு, அதை முடித்த எல்லோரும் கோர்ட்டில் நின்று முழங்குவதில்லை. வீடு கைமாறும்போது பத்திரத்தைப் பெயர் மாற்றிப் பதிவுசெய்து தருகிறாரே கன்வேயன்சர், அவரும் வக்கீல்தான், அவர் வேலை பெரும்பாலும் மேசையில்தான் நடக்கிறது. அக்கவுண்டிங் போனால் வாயைத் திறக்காமல் காலம் தள்ளலாம் என்பதும் நடக்காது, கணக்குப் பார்த்தவர்தான் அதை நாலு பேர் முன்னால் விளக்கியாக வேண்டும். சபைக்கூச்சத்தைக் காரணமாக வைத்துப் படிப்பை முடிவு செய்யாதீர்கள்.

அதற்காக ஓரலை விட்டுவிடவும் முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் வரும் மெட்ரிக்கில், இங்கிலீஷை முதல் மொழியாக எடுக்கும் ஹோம் லாங்குவேஜ் பாடத்துக்கு மொத்தம் 400 மார்க், அதில் 50 ஓரலுக்கு. எட்டில் ஒரு பங்கை வயிற்றுவலிக்குக் கொடுப்பதா?

இந்த வயிற்றுவலி நடிப்பு இல்லை, அதை நம்புங்கள். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்றதும் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறள்கிறது, கை நடுங்குகிறது. பல வருடம் மேடை ஏறியவர்களுக்கும் இது உண்டு. பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நிமிடத்தைத் தாண்டினால் தானாக அடங்கத் தொடங்கும். அதனால்தான் பேச்சின் முதல் இரண்டு வாக்கியம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறேன். அதற்கு மேல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பிள்ளைகள் தடுமாறுவதே பெரும்பாலும் இந்த மனப்பாடத்தால்தான். ஒரு பையன் என்னிடம் வந்தான், 2022 ஏப்ரல் வெள்ளம்தான் தலைப்பு. ஏ4 தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி அப்படியே உருப்போட்டிருந்தான். என் முன்னால் நின்று ஆரம்பித்தான், இரண்டாவது பத்தியில் ஒரு சொல் நழுவியது, அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிட்டது. கை நடுக்கம் தாளின் நுனிவரை போய்ப் படபடவென்று சத்தம் போட, அந்தச் சத்தம் காதில் விழுந்து இன்னும் நடுங்கினான். தாளை வாங்கி வைத்துவிட்டு, உள்ளங்கையளவு கெட்டி அட்டை ஒன்று கொடுத்தேன். அட்டை சத்தம் போடாது. அதில் ஐந்து வரிக்கு மேல் எழுத இடமும் இல்லை.

அவன் பேச்சு ‘பருவநிலை மாற்றம் உலகையே அச்சுறுத்துகிறது’ என்று தொடங்கியது. வகுப்பில் முப்பது பேரும் அப்படித்தான் தொடங்குவார்கள். ‘அந்த வெள்ளத்துக்கு அப்புறம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது, அதைச் சொல்லு’ என்றேன். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி உங்கள் ஊரே மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியாததா? தண்ணீர் லாரி சத்தம் கேட்டதும் வாளியோடு ஓடியதையும், பாட்டி குளிக்க அரை வாளி ஒதுக்கிவிட்டு மீதியைச் சமையலுக்கு வைத்ததையும் சொன்னான். சொல்லும்போது கை நடுங்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. ‘இதுதான் உன் முதல் வாக்கியம்’ என்றேன்.

அப்புறம் நேரம். இங்கிலீஷில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் வரும், மூன்று நிமிடத்துக்கு 400 போதும். பிள்ளைகள் 700 எழுதிக்கொண்டு வந்து மூச்சு விடாமல் ஓட்டுகிறார்கள். ஒரு விஷயம் முடிந்ததும் வாயை மூடி ஒரு மூச்சு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். அவளுக்கு அது யுகமாகத் தெரியும், கேட்பவர்களுக்கு அது நிறுத்தமாகவே படாது. தயாரிப்பில்லாத பேச்சுக்கு எளிய வழி ஒன்று உண்டு: முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இனி என்ன செய்யலாம். எந்தத் தலைப்பையும் இந்த மூன்றில் அடக்கிவிடலாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவுதான். அவள் சமையலறையில் நின்றபடி வாய்விட்டுச் சொல்லட்டும், மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது. முதலில் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், குறிப்பில்லாமல் அது வந்துவிட்டால் விஷயம் அவள் கையில் இருக்கிறது, இங்கிலீஷ் பின்னால் வரும். குறுக்கே பேசாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள், தவறு சொல்லாதீர்கள். முடிந்ததும் உங்களுக்கு என்ன புரிந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். நம் ஆட்கள் நடத்தும் ஐஸ்டெட்ஃபாட் என்ற கலைப் போட்டியில் பெயர் கொடுக்கலாம், தெரிந்த முகங்களுக்கு முன்னால் நின்று பழகுவது நல்லது. மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்தில் 18 வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள், அதைப் பிறகு பார்க்கலாம். வாந்தி, மயக்கம் வரை போகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள், முதலில் ஆசிரியை முன்னால் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள்.

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். காந்தி பம்பாயில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றபோது தலை சுற்றிக் கேள்வி கேட்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார், வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். 1893-ல் டர்பனில் வந்து இறங்கிய அதே வருடம், பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி வியாபாரத்தில் நேர்மை பற்றிப் பேசினார். அவருடைய முதல் பொதுப்பேச்சு அதுதான். என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் போனார். கூச்சம் உடனே போய்விடவில்லை, கூச்சத்தோடுதான் பேசினார்.

மகளின் அடுத்த ஓரல் தேதியையும் தலைப்பையும் எனக்கு எழுதுங்கள். அட்டையை அவளே எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.