தகுதித் தேர்வு: போர்டு முன்னால் நிற்கும்போது

பொறியியலில் முனைவர் பட்டம் செய்பவர்கள், ஆய்வில் முழுமையாக இறங்குவதற்கு முன் எழுதவேண்டிய தகுதித் தேர்வு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: பாடங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண். ஆனாலும் வாய்மொழித் தேர்வில் ‘அடிப்படை போதாது’ என்று சொல்லிவிட்டார்கள். இனி எதைப் படிப்பது?

பதில்: இன்னும் நாலு புத்தகம் படிக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்முலா தெரிகிறது, அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதில் தடுமாறுகிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள்.

வெப்பப் பரிமாற்றத்தில் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சூடான எஃகு உருண்டை, ஆரம் 1 செ.மீ., காற்றில் ஆறுகிறது. எவ்வளவு நேரம் ஆகும்? மனப்பாடமாக இருக்கும் சமன்பாட்டைச் சட்டென்று எழுதினால் அடுத்த கேள்வி வரும்: “உருண்டை முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

போர்டில் முதலில் வரவேண்டியது படம். உருண்டை, அதன் எல்லை, வெளியேறும் வெப்பத்துக்கு ஓர் அம்புக்குறி. அடுத்தது பயோ எண்: உருண்டைக்குள் வெப்பம் கடக்கும் தடைக்கும், மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போகும் தடைக்கும் உள்ள விகிதம். வெப்பப் பரிமாற்றக் கெழுவை ஒரு நீளத்தால் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைக்கும். அந்த நீளம் இதோ: உருண்டையின் கனஅளவை மேற்பரப்பால் வகுத்தால் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3.3 மி.மீ. எஸ்.ஐ. அலகில் காற்றுக்கான வெப்பப் பரிமாற்றக் கெழு 20, எஃகின் வெப்பக் கடத்துதிறன் 50 என்று வைத்தால் பயோ எண் 0.0013. வரம்பான 0.1-க்கு வெகு கீழே இருக்கிறது. ஆகவே உருண்டைக்குள் வெப்பநிலை வேறுபாட்டைத் தைரியமாக விட்டுவிடலாம். அடர்த்தி 7800, தன்வெப்பம் 470 என்றால் நேர மாறிலி (ஆறும் வேகத்தைக் காட்டும் நேர அளவு) ஏறக்குறைய 610 நொடி. பத்து நிமிடத்தில் உருண்டைக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் 37 சதவீதமாகக் குறைந்திருக்கும்.

அதோடு விடமாட்டார்கள். “இதையே ஓடும் தண்ணீரில் போட்டால்?” கெழு 5000 என்றால் பயோ எண் 0.33. பழைய சமன்பாடு இனி உதவாது, ஏனென்றால் நடுப்பகுதி சூடாக இருக்கும்போதே மேற்பரப்பு ஆறத் தொடங்கிவிடும். ஆரத் திசையில் வெப்பக் கடத்தல் சமன்பாட்டை எழுதுங்கள். நடுவில் சமச்சீர், மேற்பரப்பில் வெப்பச்சலனம் என இரண்டு எல்லை நிபந்தனைகளையும், தொடக்க வெப்பநிலையையும் சொல்லுங்கள். பெரும்பாலும் இவ்வளவே போதும். உருண்டை 300 டிகிரி செல்சியஸில் இருந்தால் மேற்பரப்பில் தண்ணீர் கொதிக்கும், கெழுவும் ஒரே மதிப்பில் நிற்காது. இதை அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எல்லாப் பாடத்துக்கும் இதே வழிதான். பெர்னூலி சமன்பாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்: நேரத்தோடு மாறாத ஓட்டம், மாறாத அடர்த்தி, பாகுநிலை இல்லை, ஒரே ஓட்டக்கோடு. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு என்ன கெடுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: தயாரிப்புக்கு எத்தனை வாரம் வேண்டும்?

பதில்: பாடங்களை முன்பே படித்திருந்தால் பத்து முதல் பன்னிரண்டு வாரம். படிக்க உட்காரும் முன் துறையின் விதிமுறையை வரிவரியாகப் பாருங்கள்: எத்தனை பாடம், புத்தகம் அனுமதி உண்டா, எத்தனை வாய்ப்பு, எதற்குள் முடிக்கவேண்டும். சீனியர் சொன்னது பழைய விதியாக இருக்கலாம்.

முதல் ஆறு வாரம் பாடங்களைத் திரும்பப் பார்க்கவும், அடுத்த மூன்று வாரம் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதவும் ஒதுக்குங்கள். இவற்றுக்கு இடையிலும் மீதி நாட்களிலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது நண்பர்களை எதிரே உட்காரவைத்து, போர்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மேசையில் வழுக்கிக்கொண்டு ஓடும் கணக்கு, நின்றபடி விளக்கும்போது இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். இந்தப் பயிற்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு.

கேள்வி: என் ஆய்வு முழுக்கப் பரிசோதனைக்கூட வேலை. கணிதத்தாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: உங்கள் சென்சார் தரும் அலைவடிவத்தைப் படிக்கவே அது வேண்டும். நிறை, சுருள்வில், தணிப்பான் மூன்றும் சேர்ந்த அமைப்பை அணியாக எழுதினால், அந்த அணியின் ஐகன் மதிப்பின் (eigenvalue) மெய்ப்பகுதி அலைவு எவ்வளவு வேகமாக அடங்கும் என்று சொல்லும், கற்பனைப்பகுதி அலைவின் அதிர்வெண்ணைச் சொல்லும். மெய்ப்பகுதி நேர்க்குறியானால் அலைவு அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும். ஐகன் மதிப்பைக் கணக்கிடத் தெரிந்தும் இந்தப் பொருள் தெரியாமல் நிற்பவர்கள் நிறைய. நேரம் குறைவு என்றால் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு என்ற வரிசையில் படியுங்கள்.

கேள்வி: சுத்தமாகத் தெரியாத கேள்வி வந்தால்?

பதில்: ‘இதை நான் பார்த்ததில்லை, இப்படித் தொடங்கிப் பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அலகுகளிலிருந்து தொடங்குங்கள். பிறகு எல்லைநிலை: ஓர் அளவு பூஜ்யமானால், அல்லது மிகப் பெரிதானால் விடை என்னவாகும் என்று பாருங்கள். ஒருமுனை பொருத்திய உத்தரத்தின் நுனி விலக்கம் உங்களுக்கு நினைவில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது விசைக்கு நேர்விகிதம், வளைவு விறைப்புக்கு (EI: மீள்குணகம் × குறுக்குவெட்டின் இரண்டாம் திருப்புத்திறன்) எதிர்விகிதம் என்று சொன்னாலே, மீதி நீளத்தின் மூன்றாம் படி என்பதை அலகே காட்டிக்கொடுத்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால் விலக்கம் எட்டு மடங்கு. தேர்வாளர் குறிப்புக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், அதைக் காதில் வாங்காமல் தன் வழியிலேயே போவதைத்தான் அவர்கள் பொறுத்துக்கொள்வதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசிச் சமாளிக்கவேண்டாம், மூன்றாவது கேள்வியில் பிடிபட்டுவிடும்.

கேள்வி: எங்கள் துறையில் தாள் கிடையாது, ஆய்வு முன்மொழிவு மட்டும்தான். இது எளிதா?

பதில்: இல்லை. 20 நிமிடப் பேச்சுக்கு 15 ஸ்லைடு போதும், இடையிடையே கேள்வி வந்துகொண்டே இருக்கும். எந்தப் படத்தைத் திரையில் போடுகிறீர்களோ அதன் இரண்டு அச்சும், பிழைப் பட்டையும், அது எத்தனை அளவீட்டில் வந்தது என்பதும் நாக்கு நுனியில் இருக்கட்டும். விளக்க முடியாத படத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: முதல் முறை தோற்றுவிட்டேன். கைடிடம் என்ன கேட்பது?

பதில்: எந்தப் பகுதி குறைந்தது, முழுத் தேர்வையும் திரும்ப எழுதவேண்டுமா அல்லது அந்தப் பகுதி மட்டுமா, மறுதேர்வுக்குக் கடைசித் தேதி எது, குழு மாறுமா. இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கேள்விகள் மனதில் இருக்கும்போதே, அன்றைக்கே, உங்கள் பதில்களோடு தாளில் குறித்துவிடுங்கள். அடுத்த தயாரிப்பை அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.